மில் புரோகிராமில் ஓடிய பஸ்

போன வாரம் புரோகிராம் எழுதுகிறவர்களான உங்கள் கூட்டத்துக்கு என்னை மரியாதையாக அழைத்து, சால்வை போர்த்தி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் மூன்று மணி நேரம் என்னை மறந்தே போனீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட நல்ல உபசாரம் கிடையாது. நிம்மதியாகச் சண்டை பார்க்க முடிந்தது. பாதிப் பேர், "எல்லோருக்கும் ஒரே திரை, ஒரே விதி, அதுதான் ஒழுங்கு" என்றீர்கள். மீதிப் பேர், "ஆளுக்கு ஆள் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள விடவேண்டும், அதுதான் நாகரிகம்" என்றீர்கள். இரண்டு கட்சிக்காரர்களும் புரோகிராமைப் பயன்படுத்தப்போகிறவர் யார் என்று மட்டும் ஒருதரம்கூடப் பேசவில்லை. வடை வந்ததும் சண்டை நின்றது.

கிளம்பும்போது ஒரு பெண் மட்டும், "சார், உங்க காலத்துல இதுக்கு என்ன முடிவு எடுத்தீங்க?" என்று கேட்டார். எங்கள் காலத்தில் இரண்டையும் செய்து பார்த்தோம் அம்மா. இரண்டிலும் குப்புற விழுந்தோம். அந்தக் கதையை அன்று நின்றுகொண்டே சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. நான் டிப்ளமோ முடித்து, மதுரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அதை நடத்தியவர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பெயர் வேண்டாம், மனிதர் நல்லவர். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். ஒரு நூற்பு மில்லில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று முறை போட்டுக் கொடுக்கும் புரோகிராம். அதை எழுதி முடித்த பிறகு உலகத்தில் உள்ள எல்லா நிறுவனங்களும் அவர் கண்ணுக்கு மில்லாகவே தெரிந்தன. ஆஸ்பத்திரியா? மில்தான். காலேஜா? அதுவும் மில்தான். "மேல இருக்கிற தலைப்பை மட்டும் மாத்திக் குடுத்துட்டு வாடா" என்பார்.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பஸ் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியபோது, சொந்த ஊர்க்காரன் என்று என்னை அனுப்பினார். நானும் போய்த் தலைப்பை மாற்றினேன். 'மிஷின்' என்று இருந்த இடத்தில் 'பஸ்'. 'தொழிலாளி' என்று இருந்த இடத்தில் 'டிரைவர்'. மூன்று ஷிப்டும் காலை, பகல், மாலை என்று ஆயின. ஒரு மத்தியான வேலை. பஸ் முதலாளியிடம், மூன்று வாரம் ஆராய்ச்சி செய்ததாகச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த வாழ்வு எனக்குக் கூட இன்றுவரை கிடைத்ததில்லை. ஊரே வெயிலில் வதங்க, அதற்கு மட்டும் ஏ.சி. அறை. வெள்ளிக்கிழமை தோறும் மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும். செருப்பை வெளியே விட்டால்தான் உள்ளே வரலாம். டிரைவர்கள் யாரும் உள்ளே வரவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களுக்காகச் செய்த புரோகிராம் என்றுதான் அதற்குப் பெயர்.

அதுவரை டிரைவர்களுக்கு டூட்டி போட்டுக்கொண்டிருந்தவர் மைதீன் பிச்சை. கடையநல்லூர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் ஒரு நீலப் பென்சில், கக்கத்தில் ஒரு நீள நோட்டு, முகத்தில் எப்போதும் கசாயம் குடித்த களை. அவருடைய அண்ணன் தம்பி மூன்று பேரும் வளைகுடாவில் இருந்தார்கள். "நீங்க ஏன் பாய் போகல?" என்று கேட்டேன். "அங்கன போனா ஒட்டகத்துக்கு டூட்டி போடச் சொல்லுவான். இங்கன மனுசனுக்குப் போடுதேன். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல வே" என்றார்.

இருபத்திரண்டு டிரைவர்களின் பெயர், நம்பர், வேலைக்குச் சேர்ந்த வருடம், பாக்கி லீவு இவை எனக்கு வேண்டும் என்றேன். நான் கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே எழுதிக் கொடுத்தார். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வேற ஏதும் வேணுமா வே?" என்றார்.

"இது போதும் பாய். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்" என்றேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகினார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் முப்பது வருடத் தொழிலில் எத்தனையோ பிழைகள் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

முதல் டூட்டி லிஸ்ட் பிரிண்டரில் கரகரவென்று வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை. கூடுதல் குறைச்சல் இல்லாத பங்கீடு. முதலாளி காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "இனிமே நம்ம கம்பெனியில எல்லாரும் சமம். எவனும் பாயைக் காக்கா பிடிச்சு நல்ல வண்டி வாங்க முடியாதுல்லா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மைதீன் பாய் சிரிக்கவில்லை. அவர் சாதாரணமாகவே சிரிக்காதவர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு சங்கதி. அந்த மில் புரோகிராமின் வயிற்றுக்குள் ஒரு குட்டி இருந்தது, எனக்கே தெரியாது. மில்லில் ஒரு தொழிலாளி தன் ஷிப்டை வேறொருவரோடு மாற்றிக்கொண்டாலோ, பாதியில் விட்டாலோ, அது தானாகவே மெமோ அடித்துவிடும். மூன்றாவது மெமோவில் சஸ்பெண்ட். ஒருநாள் பிரிண்டர் திடீரென்று தன் பாட்டுக்கு ஒரு மெமோவைத் துப்பியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலாளிக்கோ பரம சந்தோசம். "நான் கேக்காமலே இதையும் வச்சிருக்கியே தம்பி!" என்று முதுகில் தட்டினார். தட்டிக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? வாங்கிக்கொண்டேன்.

அந்த மெமோ சுடலைமுத்துவுக்கு வந்தது. கம்பெனியிலேயே வயதில் மூத்த டிரைவர். வருடக்கணக்காகக் காலை ஏழு மணி வண்டியை ஓட்டியவர். மாலை வண்டி போட்டதும் வயிற்றுவலி என்று சொல்லி வேறொருவரோடு மாற்றிக்கொண்டார். மறுமுறை மாலை முறை வந்தபோது வேறு ஏதோ வலி. இரண்டாவது மெமோ. ஆள் சோம்பேறி, சாயங்காலமானால் படுக்கையைத் தேடுகிறவர் என்று நான் முடிவு கட்டினேன். காகிதத்தைப் பார்த்து மனிதரை எடை போடுவதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

அவர் ஒருநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார்.

"தம்பி, எம் பேரைக் காலை வண்டியிலயே போட்டுற முடியாதா?"

"ஏன் அண்ணாச்சி?"

திரும்பிப் பார்த்தார். பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். "சும்மாதான்" என்றார்.

"உங்க ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும் அண்ணாச்சி. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். போன வாரக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் இதே வாக்கியத்தைச் சொன்னபோது நான் இருமினேனே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இருமல் தண்ணீருக்கு அடங்குகிற இருமல் இல்லை.

கார்த்திகை மாதம் வந்தது. பிரிண்டர் ரிப்பன் வாங்க நான் திருநெல்வேலிக்குப் போகவேண்டியிருந்தது. சாயங்காலம் ஐந்தரை மணி வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் சுடலைமுத்து. மூன்றாவது மெமோ வாங்கினால் வேலை போகும் என்பதால் இந்த முறை வலி எதுவும் வரவில்லை. 'பார்த்தாயா, புரோகிராம் ஆளைத் திருத்திவிட்டது' என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

கரிசல் காட்டில் பொழுது சடாரென்று அடையும். வெளிச்சம் மங்க மங்க, வண்டியும் மெதுவாகிக்கொண்டே வந்தது. சுடலைமுத்து நெஞ்சு ஸ்டியரிங்கில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். "எடது பக்கம் சைக்கிள், அண்ணே... லாரி வருது, ஒதுங்கும்... இப்பம் நேரா..." என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வண்டியைக் கண்டக்டர் வாயால் ஓட்டுகிறார் என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று.

பனவடலிசத்திரத்துக்குச் சற்று முன்னால், மேய்ச்சல் முடிந்து ஒரு கிடை ஆடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. கண்டக்டர் அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாருக்கோ சில்லறை கொடுக்கத் திரும்பியிருந்தார். எனக்கு ஆடுகள் தெரிந்தன. ஆடுகளுக்கு நடுவே கம்பை ஊன்றி நின்ற ஆட்டுக்காரரும் தெரிந்தார். வண்டி நிற்கிற மாதிரி இல்லை.

"அண்ணாச்சி, ஆளு!" என்று கத்தினேன்.

பிரேக் பிடித்த சத்தத்தில் பின் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். வண்டி நின்றபோது ஆட்டுக்காரரின் உள்ளங்கை பஸ்ஸின் முகப்பில் இருந்தது. அவ்வளவு பக்கம். அவர் கையை எடுக்கவே இல்லை. கையை எடுத்தால் வண்டி மறுபடி நகர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னமோ. "எய்யா, கண்ணு என்ன பெறத்தாலயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சுடலைமுத்து ஊருக்குள் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கழற்றிக்கொண்டார். "ரேடியேட்டர்ல தண்ணி இல்ல, வண்டி போவாது" என்றார். "ஏன் வே, பனவடலியில கெணறே இல்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது. கண்டக்டர் அடுத்து வந்த வண்டியில் எல்லோரையும் ஏற்றி அனுப்பினார். நான் ஏறவில்லை. சுடலைமுத்து என்னை வண்டிக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"மக்கா, எனக்கு மாலைக்கண்ணு. பொழுது அடைஞ்சா எதுத்தாப்புல நிக்கது மாடா மனுசனான்னு தெரியாது. பகல்ல ஒரு குறையும் இல்ல."

"பாய்க்குத் தெரியுமா?"

"ஆறு வருசமா என்னயக் காலை வண்டியத் தவிர வேற எதுலயும் போட்டதில்ல. நான் சொன்னதும் இல்ல, அவரு கேட்டதும் இல்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"முதலாளியைப் பெறத்தால வச்சுக்கிட்டா? ஸ்டியரிங்க விட்டா எனக்கு என்ன தெரியும்? மாசியில எளயவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் மக்கா." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மைதீன் பாயைப் பிடித்தேன். "உங்களுக்குத் தெரியும்லா பாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஒரு ஆளு செத்திருப்பான்" என்று சத்தம் போட்டேன்.

அவர் பென்சிலைக் காதில் இருந்து எடுக்கக்கூட இல்லை. "கேட்டீரா வே?"

"என்ன?"

"வேற ஏதும் வேணுமான்னு நான் கேட்டேன். போதும்னீரு. பேரு, நம்பர், வருசம், லீவு. இதுல மாலைக்கண்ணுக்கு எங்க கட்டம் இருக்கு?"

அவர் அதைச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. வீம்பு. பின்னால் அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் கட்டம் வைக்காதது நான்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பிரிண்டரில் சுடலைமுத்துவின் மூன்றாவது மெமோ கிழிக்காமல் தொங்கியது. "வண்டி ராத்திரி முச்சூடும் ஏன் பனவடலியில கெடந்துச்சு?" என்று கேட்டார். நிஜத்தைச் சொன்னால் சுடலைமுத்துவுக்கு வேலை போகும். ரேடியேட்டர் என்றால், நாளைக்கு மறுபடி மாலை வண்டி. அடுத்த ஆட்டுக்காரருக்குக் கை நீட்ட நேரம் இருக்காது. மெமோவைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தப்பு புரோகிராம்ல முதலாளி. இது மில்லுக்கு எழுதினது. தலைப்பை மட்டும் மாத்தி உங்களுக்குக் குடுத்தோம்" என்றேன்.

இதை வீரம் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேறு பொய் வரவில்லை, அவ்வளவுதான். பொய்க்குப் போன இடத்தில் தற்செயலாக உண்மை கிடைத்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மதுரைக்காரர் போனில், "அதைப் போய் எவனாவது சொல்லுவானாடா?" என்று கதறினார்.

முதலாளி கோபப்படவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தார். கட்சி மாறினார். "அப்பம் ஒவ்வொருத்தனையும் கேளு தம்பி. அவனவனுக்கு என்ன வேணுமோ அதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்து" என்றார். ஆக, உங்கள் இரண்டாவது கட்சியும் ஆட்சிக்கு வந்தது.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன், மேலே 'சொந்த விருப்பம்' என்று தலைப்புப் போட்டு. வந்த விருப்பங்களைப் படித்துப் பார்த்தால் இந்தக் கம்பெனியில் இதுவரை பஸ் ஓடியதே அதிசயம் என்று தோன்றியது. ஒருவருக்குச் செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அதனால் ராஜபாளையம் வண்டி ஆகாது. ஒருவருக்குக் கடையநல்லூர் ஆகாது, அந்த ஸ்டாப்பில் மாமியார் வீடு. ஒருவருக்கு டேப் ரெக்கார்டர் உள்ள வண்டிதான் வேண்டும். ஆடித்தபசுக்கு இருபத்தொரு பேருக்கு லீவு வேண்டும். ஊருக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் வருகிற அன்றைக்கு, பஸ்ஸை அம்மனே ஓட்டிக்கொள்வாள் போலிருக்கிறது. எல்லாவற்றையும் பயபக்தியோடு ஏற்றிப் புரோகிராமை ஓட்டினேன். மாலை வண்டிகள் அத்தனைக்கும் நேராக 'டிரைவர் இல்லை' என்று வந்தது.

இருபத்தொரு பேர் என்றேனே, இருபத்திரண்டாவது தாள் சுடலைமுத்துவுடையது. கீழே கையெழுத்து மட்டும் இருந்தது. மேலே ஒன்றுமே இல்லை. அந்தத் தாள் முதலாளி மேசைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா?

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். விருப்பம் கேட்டு எழுதும் புரோகிராமில் வாயுள்ளவன் மாமியார் வரைக்கும் எழுதிவிடுவான். உயிர் போகிற காரணம் உள்ளவன் வெறுந்தாளைக் கொடுப்பான். எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்தால் அவனைக் கேட்கவே மாட்டீர்கள். இரண்டிலும் அவன் கண்ணில் பட மாட்டான். அந்த ஆட்டுக்காரருக்கோ எந்தப் புரோகிராமிலும் பெயரே கிடையாது. கூட்டம் போட்டால் அவரை யாரும் அழைக்கப்போவதும் இல்லை. எனக்கு மட்டும் இன்றைக்கும் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முகப்பில் ஊன்றிய அந்தக் கைதான் முதலில் தெரியும்.

அன்று ஏ.சி. அறையை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மைதீன் பாய் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பெயர்கள் மட்டும் உள்ள லிஸ்டை நீட்டினேன்.

"பாய், எல்லாருக்கும் பழையபடி ஒரே விதிதான். ஒரே ஒரு கட்டம் புதுசா வச்சிருக்கேன். 'பகல் மட்டும்'னு ஒரு டிக் போடலாம். காரணம் எழுத இடம் இல்ல. உங்களைத் தவிர யாரும் போட முடியாது. மெமோவையும் பிடுங்கி எறிஞ்சாச்சு."

லிஸ்டை வாங்கி மடியில் விரித்தார். பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும் வே" என்றார், என்னைப் பார்க்காமல். சுடலைமுத்து பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். யோசித்து, இன்னும் இரண்டு பெயருக்குப் போட்டார்.

"மத்த ரெண்டு பேருக்கு எதுக்கு பாய்?"

"அதுக்குத்தான் நீரு எடமே வைக்கலயே" என்று லிஸ்டைத் திருப்பிக் கொடுத்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது. இரண்டு வருடம் கழித்து சுடலைமுத்து ஓய்வு பெற்றார். ஷெட்டு வாசல் மேடையில் சாயங்காலம் நாலு மணிக்குப் பாராட்டு விழா. எனக்கும் அழைப்பு, மேடையில் ஓரமாக ஒரு நாற்காலியும். பஸ் முதலாளி நடத்தும் விழா நேரத்துக்குத் தொடங்கக் கூடாது என்று ஒரு மரபு உண்டு போலிருக்கிறது, ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. முதலாளி மைக்கைப் பிடித்தார். "நம்ம கம்பெனியில எல்லா டிரைவரும் சமம். கம்ப்யூட்டர் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது" என்று ஆரம்பித்தவர் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. மேற்கே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்த சுடலைமுத்து நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

மைதீன் பாய் எழுந்தார். பேச்சின் நடுவிலேயே மேடையேறிப் போய், "வாரும் அண்ணாச்சி, பொழுது அடையுது" என்று அவர் கையைப் பிடித்தார். சுடலைமுத்து எழுந்து, முதலாளி இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளி, காலியாக இருந்த ஒரு நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். பாய் தோளைத் தொட்டுத் திருப்பினார். படியருகே வந்ததும் சுடலைமுத்து காலை நீட்டித் துழாவினார்.

முதலாளி பேச்சை நிறுத்திவிட்டார். மைக்கைக் கீழே இறக்கி, என் பக்கம் குனிந்தார். "தம்பி, அவருக்குக் கண்ணு..."

"தெரியாது முதலாளி. அதுக்குக் கட்டம் இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். படியில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்ச் சொன்னார்:

"ஏலே, அங்கன ஒரு லைட்டைப் போடுங்கலே. படியில ஆளு எறங்குது."